பைக்குல்லா சிறையில் எண்ணப்பட்டவர்கள்

மருத்துவச் சோதனைகளுக்கான தரவு மேலாண்மை கணினியோடு பிறந்த துறை என்று பலரும் கருதுவர். ஆனால் அதன் அடிப்படைக் கேள்விகள் பல 1897-ஆம் ஆண்டுப் பம்பாயிலேயே எழுந்துவிட்டன. யாரை எண்ணுவது, யாரை விலக்குவது, யாரோடு ஒப்பிடுவது என்பவை அவை.

1896 செப்டம்பரில் மாண்டவிப் பகுதியில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் பிளேக் நோயைக் கண்டறிந்தார். அக்டோபரில் பம்பாய் வந்த வால்டெமர் ஹாஃப்கின், கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தடுப்பு மருந்தை உருவாக்கி, 1897 ஜனவரி 10 அன்று தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். மருந்து உயிருக்கு ஆபத்தில்லாதது என்பதற்கு அது சான்றாகலாம். நோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்றாகாது. அதற்கு ஒப்பீடு தேவை. நகரிலோ ஒப்பிட வழியில்லை. மக்கள் பெருந்திரளாக ஊரைவிட்டு வெளியேறினர். எஞ்சியோர் வீட்டுச் சோதனைக்கு அஞ்சி நோயாளிகளை மறைத்தனர். இறந்தவர் எத்தனை பேர் என்பதைப் பதிவேடு ஓரளவேனும் சொல்லும். எத்தனை பேரில் அத்தனை பேர் இறந்தனர் என்பதை எவராலும் சொல்ல இயலவில்லை. பின்னத்தின் தொகுதி இருந்தது, பகுதி இல்லை.

அந்தப் பகுதியைத் தந்தது பைக்குல்லா சிறை. ஜனவரி இறுதியில் அங்கே பிளேக் புகுந்தது. 30-ஆம் தேதி 154 கைதிகள் ஊசி போட்டுக்கொண்டனர். 170-க்கும் மேற்பட்டோர் போட்டுக்கொள்ளவில்லை. உணவும் உறைவிடமும் இரு சாராருக்கும் ஒன்றே. ஒவ்வொருவர் பெயரும் பதிவில் இருந்தது. அடுத்த ஒரு வாரத்தில் ஊசி போடாதோரில் 12 பேருக்கு நோய் கண்டது, 6 பேர் இறந்தனர். போட்டுக்கொண்டோரில் நோயுற்றோர் இருவர், இறப்பு இல்லை.

இக்கணக்கில் இரு இடங்கள் உற்று நோக்கத்தக்கவை. ஊசி போட்ட அன்றே நோய்க்குறி தென்பட்டவர்கள் ஒப்பீட்டில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் முன்பே தொற்றுக்கு ஆளானவர்கள் என்பது நியாயமான வாதம். எனினும் அவர்களை நீக்கினால் விடை மாறும் என்பதால், நீக்கத்தின் விதி சோதனைக்கு முன்பே எழுதப்பட வேண்டும் என்று இன்றைய முறையியல் வற்புறுத்துகிறது. மற்றொன்று, 'தாமாக முன்வந்தோர்' என்னும் சொல். சிறைக்குள் அச்சொல்லின் பொருள் எவ்வளவு என்பதை எந்த அட்டவணையும் கூறுவதில்லை. மேலும், தாமாக முன்வருவோர் வராதோரினும் உடல்நலத்தில் வேறுபட்டவராகவும் இருக்கக்கூடும்.

பின்னைய ஐயத்தை 1898-இல் பரோடாவை அடுத்த உந்தேரா கிராமச் சோதனை எதிர்கொண்டது. அங்கே ஒவ்வொரு குடும்பத்திலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஊசி போடப்பட்டது. ஊசி போட்ட 513 பேரில் 8 பேர் நோயுற்றனர், 3 பேர் இறந்தனர். போடாத 437 பேரில் 27 பேர் நோயுற்று 26 பேர் இறந்தனர். ஒரே கூரையின் கீழ் பிரிக்கப்பட்டதால், வீட்டு நிலையே வேறுபாட்டுக்குக் காரணம் என்று சொல்ல இடமில்லாமல் போயிற்று.

1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவாலில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் 19 பேர் தசை விறைப்பு நோயால் இறந்தனர். ஹாஃப்கின் பணியிலிருந்து நீக்கப்பட்டார். ஆயினும் எந்தக் குப்பி யாருக்கு என்ற குறிப்பு இருந்ததால், 19 பேரும் 53என் என்ற ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்றவர்கள் என்பது தெளிவாயிற்று. மற்றக் குப்பிகளால் எவரும் இறக்கவில்லை. 1907-இல் அவர் மீதான பழி நீங்குவதற்கு அக்குறிப்பும் துணைநின்றது.

பிளேக்கின் விளைவாக 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. தமிழர் பின்னர் பெருமளவில் குடியேறிய மாட்டுங்காவின் அகன்ற வீதிகள் அதன் தாதர்–மாட்டுங்காத் திட்டத்தில் உருவானவை. அருகிலுள்ள தாராவியின் மக்கள்தொகைக்கு இன்றும் ஒருமித்த எண் இல்லை. மதிப்பீடுகள் பல லட்சங்களில் வேறுபடுகின்றன. அங்கே நடைபெறும் எந்த நலவாழ்வு ஆய்வும் வீடுவீடாகச் சென்று பெயர் எழுதுவதில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஹாஃப்கினுக்கு அந்தப் பட்டியலைச் சிறைச்சுவர் ஆக்கித் தந்தது. சுவரில்லாத இடத்தில் அதை ஆக்கித் தரக்கூடியது மக்களின் நம்பிக்கை ஒன்றே.