முதல் குறும்படம் எடுக்கப் போறீங்களா? கையில போன் இருந்தா போதும்.. ஆனா இந்த விஷயங்கள்ல கோட்டை விட்டுடாதீங்க!

தமிழ் சினிமா என்றாலே கோடம்பாக்கம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1940களில் பல முக்கியமான படங்கள் உருவானது கோவையில். சிங்காநல்லூரில் இருந்த சென்ட்ரல் ஸ்டுடியோவில்தான் ஜூபிடர் பிக்சர்ஸின் ‘ராஜகுமாரி’ (1947) படமாக்கப்பட்டது. இயக்குநர் ஏ.எஸ்.ஏ.சாமிக்கு அதுதான் முதல் படம். 1936 முதல் சின்னச் சின்ன வேடங்களில் நடித்துவந்த எம்.ஜி.ஆருக்கு முதல் கதாநாயகன் வாய்ப்பு. வசனத்தில் பங்களித்த கருணாநிதிக்கு அப்போது 22 வயது. ஆக, புதுமுகங்கள் படம் எடுப்பது இந்த ஊருக்குப் புதுசு இல்லீங்க.

அன்று அதற்கு ஒரு ஸ்டுடியோ தேவைப்பட்டது. இன்று போன் போதும். அமெரிக்காவில் 2015ல் வெளியான ‘டேஞ்சரின்’ முழு நீளப் படமே ஐபோன் 5எஸ்-ல் எடுத்ததுதான்.

கதை எவ்வளவு இருக்கணும்?

திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது சுமார் ஒரு நிமிடம். முதல் படத்துக்கு ஐந்து பக்கம், இரண்டு லொகேஷன், மூன்று பேர் தாராளம். பிடித்த எழுத்தாளரின் சிறுகதையை எடுக்கிறீர்கள் என்றால் முதலில் அவரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்க. ‘யூடியூப்ல தானே போடப்போறோம்’ என்பது பதில் கிடையாது.

போன்ல என்ன செட்டிங்?

நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் டியூப் லைட் வெளிச்சத்தில் திரையில் கோடு ஓடுவது பெரும்பாலும் நின்றுவிடும். எடுக்கும் முன் திரையை அழுத்திப் பிடித்து போகஸையும் வெளிச்சத்தையும் லாக் பண்ணுங்க. இல்லையென்றால் நடிகர் நகர்ந்ததும் காட்சி வெளுத்து, இருண்டு விளையாடும்.

பெரும்பாலும் சொதப்புவது சவுண்ட்ல!

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் புரியவில்லை என்றால் உடனே தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். கல்லூரியில் நான் எடுத்த ஆறு நிமிடப் படத்தில் குளத்துக்கரை காட்சி முழுக்க காற்றுச் சத்தம்தான். ‘டப்பிங்ல பாத்துக்கலாம்’ என்று விட்டோம். அதற்குள் ஹீரோவுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. அந்தப் படம் இன்னும் ஹார்டு டிஸ்க்கில்தான் தூங்குகிறது.

அதனால் சட்டைக் காலரில் குத்தும் மைக் ஒன்று வாங்குங்க. இல்லையென்றால் இன்னொரு போனை நடிகரின் பாக்கெட்டில் ரெக்கார்டிங்கில் போட்டுவிட்டு, ஷாட் தொடங்கும்போது ஒரு தடவை கை தட்டுங்க. எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்து ஒலியையும் படத்தையும் பொருத்திவிடலாம். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் 30 விநாடி சும்மா பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டு விழும் இடங்களை நிரப்ப அது உதவும். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் காட்சி வைத்திருந்தால்? வசனம் இல்லாத காட்சியாக மாற்றி எழுதிடுங்க, ஏர் ஹாரனோட மல்லுக்கட்ட முடியாது.

பழைய பாட்டு போடலாமா?

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். இதே சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்த ‘ஹரிதாஸ்’ 1944ல் வெளியானது. ‘80 வருஷம் ஆயிடுச்சே, யார் கேக்கப்போறா?’ என்று தோன்றும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆனால் பாடல் வரிக்கும் மெட்டுக்கும், எழுதியவர் இறந்த பிறகு 60 ஆண்டு. பாபநாசம் சிவன் மறைந்தது 1973ல். அப்படியென்றால் அவரது வரிகளுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு. அனுமதி இல்லாமல் போட்டால் யூடியூப் உங்கள் வீடியோவை முடக்கலாம், அல்லது வருமானம் உரிமையாளருக்குப் போகலாம். நண்பர் வாசிக்கும் கீபோர்டு எவ்வளவோ மேல். அவரிடமும், நடித்தவர்களிடமும் ஒரு பக்கத்தில் சம்மதக் கையெழுத்து வாங்கிடுங்க. நட்பு கெடாது, பின்னாடி சண்டை வராது.

ட்ரோன், சென்சார்?

சிங்காநல்லூருக்கு ஒரு பக்கம் பீளமேடு விமான நிலையம், இன்னொரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம். வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் ட்ரோனைத் தூக்கினால் வழக்குதான். மொட்டை மாடியிலிருந்து எடுத்துக்கோங்க.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். யூடியூப்பில் வெளியிட சென்சார் சான்றிதழ் தேவையில்லை. தியேட்டரில் பொதுமக்களுக்குக் காட்டுவதென்றால் கட்டாயம் வாங்கணும்.