ஒரே பெயரில் எத்தனை ராஜா?



நமது பேராக் ரப்பர் தோட்டங்களில் அந்தக் காலத்துப் பெரட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விடியாத இருட்டில் கிராணியார் "முனியாண்டி!" என்பார். மூன்று பேர் "ஐயா" என்பார்கள். அப்புறம்தான் மேட்டு லயத்து முனியாண்டி, சின்ன முனியாண்டி, ஸ்டோர் முனியாண்டி என்று பிரித்துக் கூப்பிடுவது. இந்தச் சங்கடம் நமக்கு மட்டுமில்லீங்க, ராஜாக்களுக்கும் இருந்திருக்கிறது.

எகிப்து நாட்டிலே ராம்சேஸ் என்ற பெயரில் மட்டும் 11 மன்னர்கள். 'ரா' என்னும் சூரிய தேவன் பெற்றவன் என்பது அதன் பொருள். இரண்டாம் ராம்சேஸ் சுமார் 66 ஆண்டுகள் ஆண்டு பெரும்புகழ் பெற்றார். பின்னால் வந்தவர்கள் அந்தப் பெயரை விடுவார்களா? முதலாம், இரண்டாம் என்ற எண்களெல்லாம் பிற்கால ஆசிரியர்கள் போட்டவை. பட்டமேறும்போது ஒவ்வொருவரும் இன்னொரு பெயரும் சூடிக்கொண்டதால் ஆளை அடையாளம் காண முடிகிறது.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் பேராக்கிலேயே 1887 முதல் 1916 வரை ஆண்டவர் ஒரு சுல்தான் இட்ரிஸ். 1963 முதல் 1984 வரை ஆண்டவர் இன்னொருவர். தஞ்சோங் மாலிமில் 1922-ல் திறந்த ஆசிரியர் கல்லூரி முன்னவர் பெயரைத் தாங்கியது.

இனி நம் சோழர்களுக்கு வருவோம். அவர்களுக்கு இரண்டே பட்டப் பெயர்கள்: ராஜகேசரி, பரகேசரி. ஒருவர் ராஜகேசரி என்றால் அடுத்தவர் பரகேசரி. ராஜராஜன் ராஜகேசரி, 1025-ல் நம் பக்கத்துக் கெடாவாகிய கடாரத்தின் மேல் கப்பற்படை அனுப்பிய ராஜேந்திரன் பரகேசரி, அவர் மகன் ராஜாதிராஜன் மறுபடியும் ராஜகேசரி. பழைய கல்வெட்டுகள் பலவற்றில் 'கோப்பரகேசரி, பத்தாவது ஆண்டு' என்று மட்டுமே இருக்கும். எந்தப் பரகேசரி? 907-ல் பட்டமேறிய பராந்தகனும் பரகேசரிதான், 970-ஐ ஒட்டி வந்த உத்தம சோழனும் பரகேசரிதான். ஆள் மாறினால் அந்தக் கோயிலின் வயதே அறுபது வருஷத்துக்கு மேல் தள்ளிப்போய்விடும்! நல்லவேளையாக, பராந்தகனுக்கு 'மதுரை கொண்ட' என்றும், ஆதித்த கரிகாலனுக்கு 'பாண்டியன் தலை கொண்ட' என்றும் அடைமொழி சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். நம்ம 'மேட்டு லயத்து' மாதிரிதான் இதுவும்!

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்று அர்த்தம். 1070-ல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கனுக்கும் முதலில் ராஜேந்திரன் என்றுதான் பெயர். கடாரம் கொண்டவர் அவருடைய தாயைப் பெற்ற பாட்டனார். நம் வீடுகளிலும் அப்படித்தானே, தாத்தா முனியாண்டி, பேரன் முனியாண்டி.

தோட்டங்கள் விற்கப்பட்டு, லயங்கள் இடிந்து, சனங்கள் ஈப்போவுக்கும் மற்ற ஊர்களுக்கும் பிரிந்து போய்விட்டார்கள். பழைய செக்ரோலைக் காட்டி இது எந்த முனியாண்டி என்று கேட்டால், சொல்லக்கூடிய கிழவர்கள் இன்னும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். பிறப்புப் பத்திரத்தில் 'மேட்டு லயம்' என்று எழுத இடம் கிடையாது. பராந்தகனுக்காவது கல்லிலே வெட்டி வைத்தார்கள்.