தொட்ட கையும் படித்த கையும்

1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா மனிதப் பிணத்தை அறுத்துப் பார்த்தார். வைத்தியக் குலத்தில் பிறந்தவர். சாதிக் கட்டை உடைத்த சாதனை என்று வரலாறு அவரைக் கொண்டாடுகிறது. அன்று கோட்டையில் பீரங்கி முழங்கியது என்றுகூட ஒரு கதை உண்டு. முழங்கட்டும். நாம் கேட்பது வேறு. அதே காலத்தில் நாஞ்சில் நாட்டில் செத்த மாட்டை உரித்தவருக்கும், சுடுகாட்டில் பிணம் எரித்தவருக்கும், பேறு பார்த்த மருத்துவச்சிக்கும் என்ன கிடைத்தது? தீட்டு. அவர் தொட்டால் விஞ்ஞானம், நம்ம ஆளு தொட்டால் தீட்டு.

மாட்டை உரிச்சவனுக்குத் தெரியாதா ஈரல் எங்க கிடக்கு, குடல் எப்படிச் சுத்தி இருக்குன்னு? வயித்துல பிள்ளை குறுக்கே கிடந்தா, மருத்துவச்சி கையால தடவிப் பார்த்தே சொல்லிருவா. அதை அறிவு என்று எந்த ஏட்டிலும் எழுதவில்லை. அந்த அறிவே உடற்கூறு என்ற பெயரில் படிப்பாகி, பட்டமாகி, சம்பளமானபோது, தொட்டவர்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள்.

நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855-இல்தான். லண்டன் மிஷன் 1838-இலேயே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தது. 1861-இல் வந்த டாக்டர் ஜான் லோ உள்ளூர் கிறிஸ்தவ இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு நடத்தினார். பிராமணர் முதல் புலையர், பறையர் வரை அந்த மருத்துவமனையில் ஒன்றாகக் காத்திருந்ததை மிஷன் அறிக்கைகள் பதிவு செய்துள்ளன. மிஷன் மதம் பரப்பத்தான் வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு கதவு திறந்தது.

இருபது ஆண்டு கழித்தும் அரசின் கதவு திறக்கவில்லை. திருவனந்தபுரத்து ஈழவர் பல்பு மருத்துவப் படிப்புக்கான தேர்வில் தேறியும் சமஸ்தானம் இடம் தரவில்லை. சென்னைக்குப் போய்ப் படித்து 1889-இல் டாக்டரானார். அப்போதும் ஊரில் வேலை இல்லை. 1891-இல் மைசூர் அரசு சேர்த்துக்கொண்டது. கல்வியும் அரசு வேலையும் கேட்டு 1896-இல் 13,176 பேர் கையெழுத்துடன் மகாராஜாவுக்கு மனு கொடுத்தார். ஈழவருக்கே இந்த கதி என்றால் புலையருக்கும் சாம்பவருக்கும் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

2001-இல் ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. இட ஒதுக்கீட்டால் நம்ம பிள்ளைகளும் உடற்கூறு மேசை முன்னால் நிற்கிறார்கள். ஆனால் நாட்டின் பல பிணவறைகளில் இன்றும் உடலை அறுக்கிற கை கடைநிலை ஊழியருடையது, பெரும்பாலும் தலித்துடையது. அறிக்கையில் கையெழுத்து மட்டும் டாக்டருடையது.

206 எலும்புகளின் பெயரையும் மனப்பாடம் செய்கிற தம்பி, தங்கச்சிகளே, பெயர்தான் புதுசு. எலும்பு நம்ம கைக்குப் பழசு. நல்லாப் படிங்க. கத்தி பிடிப்பது யார், கையெழுத்துப் போடுவது யார் என்ற கேள்வியையும் கூடவே கேளுங்க.