நெறி கட்டியிருக்கு

தொடை இடுக்கில் கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்று உருள்கிறது, தொட்டால் வலிக்கிறது என்று போய் நின்றால் எங்கள் ஆச்சி அதைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டாள். "நெறி கட்டியிருக்குல. கால்ல எங்க புண்ணு, காட்டு" என்பாள். நடவுக் காலமென்றால் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருக்கும். கையில் முள் குத்திப் பழுத்தால் நெறி கக்கத்தில் கட்டும்.

நெறி என்றால் வழி. நெரிதலோடு சேர்த்து 'நெரி' என்று எழுதுவோரும் உண்டு. எனக்கு வழியே பொருந்துகிறது. காலிலிருந்து இடுப்புக்கு ஒரு வழி இருப்பதை அறிந்த வாய்தான் இப்படிப் பேசும். 'கட்டு' இன்னும் அருமை. பால் கட்டும், சீழ் கட்டும். ஓட வேண்டியது நின்று திரண்டால் நமக்கு அது கட்டு. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு இடத்தில் நீரை மறித்து நிற்பதும் அணைக்கட்டுதான்.

உடலுக்குள் நடப்பதைப் பார்த்தால் சொல்லின் துல்லியம் புரியும். அவரை விதை வடிவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட கணுக்கள் நம் உடலில் உண்டு. புண்ணில் நுழைந்த கிருமியின் துணுக்குகளைச் சில செல்கள் சுமந்துகொண்டு, நிணநீர்க் குழாய் வழியே அருகிலுள்ள கணுவுக்கு வருகின்றன. கணுவின் வெளிப்பகுதியில் பி செல்கள், அதற்கு உள்ளே டி செல்கள். வந்த துணுக்கோடு பொருந்தும் செல் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு, ஒன்று பலவாகப் பெருகுகிறது. அந்த முதல் நாளில் கணு தன் வெளிவாசலைச் சாத்திக்கொள்கிறது. உள்ளே வரும் வெள்ளணுக்கள் வெளியேற முடியாமல் திரள்கின்றன. கட்டுகிறது என்பதை வேறெப்படிச் சொல்வது?

மண்ணீரல் இதே வேலையை ரத்தத்துக்குச் செய்கிறது. டான்சில் தொண்டை வாசலில் செய்கிறது. அவற்றுக்கும் ஊரில் பேச்சு உண்டு, ஆனால் நெறியின் கூர்மை இல்லை.

பாடநூல் 'நிணநீர்' என்கிறது. நிணம் கொழுப்பு, சங்கப் பாடல்களின் போர்க்களங்களில் கிடக்கும் பழஞ்சொல். சாப்பிட்டபின் குடலிலிருந்து வரும் நிணநீர் கொழுப்பேறிப் பால்போல் வெளுத்திருக்கும் என்பதால் நல்ல ஆக்கம்தான். 'நிணநீர்ச் சுரப்பி' என்பதுதான் பிழை. கணு எதையும் சுரப்பதில்லை. சித்த மருத்துவத்தில் தொடை இடுக்குக் கட்டி அரையாப்பு. கழுத்தில் வரிசையாக வீங்குவது கண்டமாலை: கண்டத்தில் மாலை. பெரும்பாலும் அது காசநோய்.

பாளையங்கோட்டையில் 1964 முதல் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்ச்சொல்லையும் ஏட்டுச்சொல்லையும் அருகருகே வைத்துக் கற்பிக்க அதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

புண் ஆறினால் நெறி சில வாரங்களில் வடியும். காலெல்லாம் தேடியும் புண்ணைக் காணோம், கட்டி வலிக்கவில்லை, கல் மாதிரி இறுகி வளர்கிறது என்றால் ஆச்சி வேப்பிலையைத் தேட மாட்டாள். "பெரியாசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்பாள்.