பாமாயிலைத் தேடி ஆலை வாசல் வரை

2010 மார்ச்சில் கிரீன்பீஸ் அமைப்பு ஒரு குறும்படம் வெளியிட்டது. அலுவலக ஊழியர் ஒருவர் கிட்கேட் உறையைப் பிரிக்கிறார். உள்ளே சாக்லேட்டுக்குப் பதில் ஒராங்குட்டானின் விரல். அவர் அதைக் கவனிக்காமல் கடிக்க, கணினி விசைப்பலகையில் ரத்தம் சொட்டுகிறது. கிட்கேட்டைத் தயாரிக்கும் நெஸ்லே பதிப்புரிமையைக் காட்டிப் படத்தை யூடியூபிலிருந்து நீக்க வைத்தது. அதன் பிறகுதான் படம் காட்டுத்தீயாகப் பரவியது. இரண்டே மாதத்தில், மே 17 அன்று, காடழிப்போடு தொடர்புள்ள தோட்டங்களின் பாமாயிலைக் கைவிடுவதாக நெஸ்லே அறிவித்தது.

பாமாயில் தரும் எண்ணெய்ப்பனை ஆப்பிரிக்க மரம். 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நடப்பட்ட நான்கு கன்றுகளிலிருந்து தென்கிழக்கு ஆசியாவில் பரவியது. 1917இல் மலாயாவின் சிலாங்கூரில் முதல் வணிகத் தோட்டம் எழுந்தது. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக ரப்பர் மரம் சீவிய எஸ்டேட்டுகள் பலவும் பின்னாளில் எண்ணெய்ப்பனைக்கு மாறின. அடுத்து இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் ஒராங்குட்டான்கள் வாழும் மழைக்காடுகளே குறியாயின. அங்குள்ள சதுப்புக்கரி நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்தால் மண்ணே எரிபொருளாகிவிடும். 1997-98இல் மூண்ட தீயின் புகை அண்டை நாடுகளையும் மூச்சுத் திணற வைத்தது.

2004இல் பாமாயிலுக்கான ஆர்எஸ்பிஓ என்ற சான்றளிப்பு அமைப்பு உருவானது. தொழில் நிறுவனங்களும் டபிள்யூடபிள்யூஎஃப் போன்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் ஒரே மேசையில் அமர்ந்தது பெரிய விஷயம்தான். ஆனால் சேர்வதும் விலகுவதும் அவரவர் விருப்பம். காடழிப்புக்கு முழுத் தடை என்ற விதி 2018இல்தான் வந்தது. அதுவரை அழிந்த காடு அழிந்ததே.

கிரீன்பீஸ் போன்ற இயக்கத்தினர் வேறு வழி பார்த்தனர். காட்டை வெட்டும் நிறுவனத்தின் பெயர் ஐரோப்பிய நுகர்வோருக்குத் தெரியாது. அதன் எண்ணெயை வாங்குபவரின் சோப்பும் சாக்லேட்டும் வீட்டுக்கு வீடு தெரியும். 2008 ஏப்ரலில் டவ் சோப்பை முன்வைத்து யூனிலீவர் மீது நெருக்கடி வந்தது. 2009 டிசம்பரில் அந்த நிறுவனம் இந்தோனேசியாவின் சினார் மாஸ் குழுமத்திடம் வாங்குவதை நிறுத்தியது. நெஸ்லே அடுத்த ஆண்டு பின்தொடர்ந்தது. 2011 பிப்ரவரியில் அக்குழுமத்தின் பாமாயில் நிறுவனமான கோல்டன் அக்ரி, காடு காக்கும் கொள்கையை ஏற்றது. 2013 டிசம்பரில் உலகின் மிகப் பெரிய பாமாயில் வணிகரான வில்மாரும் 'காடழிப்பு இல்லை, சதுப்புக்கரி நிலம் தொடமாட்டோம், சுரண்டல் இல்லை' என்று உறுதியளித்தது.

உறுதிமொழியைச் சரிபார்ப்பது எப்படி? அதற்கு வழி பழக்குலையிலேயே இருந்தது. வெட்டிய குலையை ஏறத்தாழ ஒரு நாளுக்குள் பிழியாவிட்டால் அமிலம் ஏறி எண்ணெய் கெடும். ஆகவே ஆலை எங்கே என்று தெரிந்தால், குலை வந்த தோட்டங்களும் அதைச் சுற்றித்தான் இருக்கும். 2015இல் வில்மார் தனக்கு எண்ணெய் தரும் ஆலைகளின் பட்டியலை வெளியிட்டது. யூனிலீவரும் நெஸ்லேயும் 2018இல் வெளியிட்டன. செயற்கைக்கோள் படத்தோடு அந்தப் பட்டியலை ஒப்பிட்டு, புதிதாக மொட்டையடிக்கப்பட்ட நிலத்தை யாரும் சுட்டிக்காட்டலாம். விளம்பரமாக வந்த எந்த வாக்குறுதியையும்விட இந்தப் பட்டியலே இயக்கத்தின் உண்மையான வெற்றி.

ஆனாலும் 2015இல் இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் நிலம் எரிந்தது. உலக வங்கி மதிப்பிட்ட இழப்பு 1,600 கோடி டாலர். 2016க்குப் பின் அந்நாட்டில் காடழிப்பு வேகம் தணிந்ததில் நிறுவனக் கொள்கைகளுக்குப் பங்குண்டு. புதிய உரிமங்களுக்கு அரசு விதித்த தடைக்கும் பாமாயில் விலைச் சரிவுக்கும் பங்குண்டு.

உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் இந்தியாவில் இந்த நெருக்கடி பெரிதாக எட்டவில்லை. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கும் குடும்பத்துக்கு அது அன்றாடச் சமையலுக்கான எண்ணெய். அவர்களிடம் போய் ஒராங்குட்டான் படத்தைக் காட்டுவது நியாயமாகாது. இங்கே மொத்தமாக வாங்குவது அரசு. பிழிந்த ஆலையின் பெயரையும் இருப்பிடத்தையும் தர வேண்டும் என்று நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனை சேர்த்தால், நெஸ்லேயிடம் கேட்கப்பட்ட அதே கேள்வியை இங்குள்ள விற்பனையாளர்களிடமும் கேட்க முடியும்.