வண்டலூர் சிங்கங்களுக்கு கொரோனா வந்தது திண்டுக்கல்காரர்களுக்கு ஏன் முக்கியம்? உயிரியல் பூங்காவும் 'ஒன் ஹெல்த்'தும்: முழு விளக்கம்

திண்டுக்கல்லில் இருந்து பள்ளிச் சுற்றுலா என்றாலே பட்டியலில் வண்டலூர் கட்டாயம் இருக்கும். சுமார் 400 கி.மீ. பயணம் செய்து, சிங்கத்தையும் புலியையும் பார்த்துவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். ஆனால் உயிரியல் பூங்கா வெறும் பொழுதுபோக்கு இடம் மட்டும் இல்லை. நோய் வருவதை முன்கூட்டியே சொல்லும் இடமும் அதுதான். எப்படி? பார்க்கலாம்.

2021 ஜூனில் நடந்தது என்ன?

கொரோனா இரண்டாவது அலை உச்சத்தில் இருந்த நேரம். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. மே மாத இறுதியில் சில சிங்கங்கள் சரியாகச் சாப்பிடாமல், இருமத் தொடங்கின. ஜூன் 3ஆம் தேதி 9 வயது பெண் சிங்கம் நீலா உயிரிழந்தது.

11 சிங்கங்களின் மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. 9 சிங்கங்களுக்குத் தொற்று உறுதியானது. ஜூன் 16ஆம் தேதி 12 வயது ஆண் சிங்கம் ஒன்றும் உயிரிழந்தது.

4 சிங்கங்களின் மாதிரிகளை மரபணு வரிசைப்படுத்தி பார்த்தபோது, அது டெல்டா வகை எனத் தெரியவந்தது. அதாவது, அப்போது நம் தெருவில் மனிதர்களைப் பாடாய்ப்படுத்திய அதே வகை! நோய் விலங்கிடம் இருந்து மனிதனுக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்தவர்களுக்கு, அது திரும்பியும் போகும் என்று வண்டலூர் காட்டியது. அதற்கு முந்தைய மாதம் ஹைதராபாத் நேரு உயிரியல் பூங்காவிலும் 8 சிங்கங்களுக்குத் தொற்று உறுதியாகி இருந்தது.

'ஒன் ஹெல்த்' அப்படின்னா என்ன?

மனிதன், விலங்கு, சுற்றுச்சூழல். இந்த மூன்றின் ஆரோக்கியமும் ஒன்றோடு ஒன்று பின்னிப் பிணைந்தது என்பதே 'ஒன் ஹெல்த்'. மனிதர்களுக்குப் புதிதாக வரும் தொற்று நோய்களில் சுமார் நான்கில் மூன்று பங்கு விலங்குகளிடம் இருந்து வருவதாக உலக விலங்கு சுகாதார அமைப்பு சொல்கிறது.

சுற்றுச்சூழல் எங்கே வருகிறது? திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கலந்த கிணற்றுத் தண்ணீர் மனிதனையும் பாதிக்கும், மாட்டையும் பாதிக்கும், பயிரையும் பாதிக்கும். இதற்கு மருத்துவர் மட்டும் போதாது. கால்நடை மருத்துவரும் சுற்றுச்சூழல் துறையும் சேர்ந்தே தீர்வு தேட வேண்டும்.

பூங்கா எப்படி எச்சரிக்கை மணி அடிக்கும்?

காட்டில் ஒரு விலங்கு செத்தால் நமக்குத் தெரியாமலே போகலாம். பூங்காவில் அப்படி இல்லை. ஒவ்வொரு விலங்கும் என்ன சாப்பிட்டது, எவ்வளவு மிச்சம் வைத்தது என்று பராமரிப்பாளர் தினமும் கவனிப்பார். இறந்தால் உடற்கூறாய்வு கட்டாயம். புதிதாக வரும் விலங்கு தனிமைப்படுத்தலுக்குப் பிறகே மற்ற விலங்குகளோடு சேர்க்கப்படும்.

இதற்கு உலகமே பேசும் உதாரணம் 1999இல் நியூயார்க்கில் நடந்தது. நகரில் சிலருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. அது 'செயின்ட் லூயிஸ்' வகை என்று முதலில் அதிகாரிகள் அறிவித்தார்கள். அதே நேரத்தில் நகரில் காகங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் ஃபிளமிங்கோ உள்ளிட்ட பறவைகளும் இறந்தன.

பூங்காவின் நோய்க்குறியியல் நிபுணர் ட்ரேசி மெக்நமாராவுக்குச் சந்தேகம் வந்தது. செயின்ட் லூயிஸ் வைரஸ் வழக்கமாகப் பறவைகளைக் கொல்லாதே! அவர் விடாமல் மாதிரிகளை அனுப்பினார். கடைசியில் அது கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் வைரஸ் என்று தெரிந்தது. அமெரிக்கக் கண்டத்தில் அதற்கு முன் கண்டறியப்படாத வைரஸ் அது. அந்த ஆண்டு நியூயார்க் பகுதியில் 7 பேர் உயிரிழந்தார்கள்.

இந்தியா என்ன செய்திருக்கிறது?

விலங்குகளுக்கான கொரோனா தடுப்பூசி 'அனோகோவாக்ஸ்' 2022 ஜூனில் அறிமுகமானது. ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரைகள் ஆராய்ச்சி மையம் உருவாக்கியது இது. 2022 டிசம்பரில் நாக்பூரில் தேசிய ஒன் ஹெல்த் நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

திண்டுக்கல்லில் பூங்காவே இல்லையே?

உண்மைதான். ஆனால் விலங்குகள் இருக்கின்றன. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கான இந்தியாவின் முதல் சரணாலயம் இது. வேடசந்தூர், நத்தம், திண்டுக்கல் கிழக்கு வட்டப் பகுதிகள் இதில் வருகின்றன. பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவுவது தேவாங்கு. தோட்டத்தில் பூச்சிமருந்து அதிகமானால் அதன் சாப்பாட்டிலும் விஷம் ஏறும். அங்கே கூண்டு இல்லை, தினமும் கவனிக்கும் பராமரிப்பாளரும் இல்லை. அந்த வேலையைச் செய்ய வேண்டியது ஊர் மக்கள்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

* சிறுமலையிலோ பழனியிலோ குரங்குக்குத் தின்பண்டம் நீட்டாதீர்கள். நம் நோய் அதற்கும், அதன் நோய் நமக்கும் வரலாம்.
* காகம், மயில், குரங்கு ஓரிடத்தில் அடுத்தடுத்து செத்துக் கிடந்தால் தொடாதீர்கள். வனத்துறைக்கோ கால்நடை மருத்துவமனைக்கோ சொல்லுங்கள்.
* ஆடு, மாடுகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் 1962 என்ற இலவச எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம்.
* நாயோ குரங்கோ கடித்தால், காயத்தைச் சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
* சளி, காய்ச்சல் இருக்கும்போது பூங்கா சுற்றுலாவைத் தள்ளிப் போடுங்கள்.