ரீட்வெல்ட் ஷ்ரோடர் இல்லம்

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1924-இல் கட்டப்பட்ட இரண்டு தள வீடு. நவீனத்துவக் கலை இயக்கமான ‘டி ஸ்டைல்’ கொள்கைகள் முழுமையாகக் குடியிருப்பு வடிவம் பெற்ற கட்டடம் இது. மரச்சாமான் வடிவமைப்பாளர் கெரிட் ரீட்வெல்ட், கணவரை இழந்து மூன்று குழந்தைகளுடன் வாழ்ந்த ட்ரூஸ் ஷ்ரோடருக்காக இதை வடிவமைத்தார். சுவர்களற்ற மாடி வேண்டுமென்று கேட்டவர் ட்ரூஸ்தான். இணை வடிவமைப்பாளர் என்ற பெயர் அவருக்கு முற்றிலும் உரியது.

மாடியின் நகரும் தடுப்புகளைத் திறந்தால் ஒரே கூடம். இழுத்து மூடினால் தனித்தனி அறைகள். அன்றைய கட்டட விதிகள் இதற்கு இடமளிக்காததால், வரைபடத்தில் மாடி பரண் எனக் காட்டப்பட்டது. கீழ்த்தளம் மட்டும் வழக்கமான அறைகளுடன் அமைந்தது. மாடியில் உணவு மேசையருகே உள்ள மூலைச் சன்னலுக்குத் தூண் கிடையாது. இரு கதவுகளையும் திறந்துவிட்டால் சுவரின் மூலையே மறைந்து, உள்ளும் வெளியும் ஒன்றாகிவிடும். இவ்வீட்டின் மிகத் துணிச்சலான பகுதி இதுவே.

வெளிப்புறம் வெள்ளை, சாம்பல் நிறத் தளங்களும் சிவப்பு, நீலம், மஞ்சள் கோடுகளுமாக அமைந்தது. கான்கிரீட்டால் ஆனதுபோல் தோன்றினாலும் சுவர்கள் பூசப்பட்ட செங்கல்லே. ட்ரூஸ் 1985-இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். 2000-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.